பக்கத்துத் தட்டு

நல்ல சேதி கொண்டுபோனால் முகம் மலராத ஒரு மனுஷியிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். "மேடம், செல் எல்லாம் செத்துப்போச்சு, மருந்து வேலை செய்யுது" என்று மூச்சிரைக்கப் போய் நிற்பேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "பக்கத்துத் தட்டு இன்னா ஆச்சி?"

அவ்வளவுதான், எனக்குச் சுருதி இறங்கிவிடும்.

அவர் விஞ்ஞானி. கிண்டிப் பக்கம் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பிரிவின் தலைவர். நான் அங்கே டெக்னீசியன். வயதில் அவரைவிட ஒன்பது வருஷம் மூத்தவள், சர்வீஸில் அதைவிட மூத்தவள். அவர் வேறு ஊருக்குப் போய் நாளாகிவிட்டது. பெயரைப் போட்டால் போன் பண்ணித் திட்டுவார், அதனால் போடவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கருத்தரங்கில் ஆங்கிலம் பொரிந்து தள்ளுவார். மேடையை விட்டு இறங்கினால் எங்கள் பாஷைதான். ஒருமுறை டைரக்டர், "ரிசல்ட் எப்பம்மா வரும்?" என்று கேட்டதற்கு, "அது இன்னா சார் பஸ்ஸா, டைமுக்கு வர்றதுக்கு?" என்றார். நான் காசிமேட்டுக்காரி. அந்தக் கூடத்தில் எனக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று சொல்லத் தெரியவில்லை. என்னை "யக்கா" என்பார். நான் "மேடம்" என்பேன். கோபம் வந்தால் "இன்னாமே" என்றும் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்துத் தட்டு என்பது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. செல்களைச் சின்னப் பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்ப்போம். ஒரு தட்டில் மருந்து விடுவோம். பக்கத்துத் தட்டில் எல்லாமே அதேபோல நடக்கும், மருந்து மட்டும் இருக்காது. மருந்துத் தட்டில் செல் செத்தது என்று குதிக்கக்கூடாது. பக்கத்துத் தட்டில் அது உயிரோடு இருந்தால்தான் மருந்து கொன்றதாக அர்த்தம். அங்கேயும் செத்திருந்தால் நாம் எங்கோ சொதப்பியிருக்கிறோம். இது எல்லா ஆய்வுக்கூடத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இவர் அதை வீட்டுக்கும் கேன்டீனுக்கும் கோயிலுக்கும் கொண்டுபோனார்.

கேன்டீன் மாஸ்டர் ஒரு நாள் பெருமையாக, "என் கஷாயத்த குடிச்சீங்கன்னா ஜல்பு ஆறே நாள்ல ஓடிப்பூடும் மேடம்" என்றார்.

"குடிக்காதவனுக்கு எத்தினி நாளு மாஸ்டர்?"

மாஸ்டர் யோசித்தார். "அது ஒரு வாரம் ஆவும்."

மேடம் சிரிக்கவில்லை. கஷாயத்தைக் குடித்துவிட்டு, "டேஸ்ட்டு ஷோக்கா கீது" என்றார். என்னிடமும் இதே கதைதான். என் மகன் பாஸானதும் அம்மனுக்குக் கூழ் ஊற்றியதைச் சொன்னேன். "வேண்டிக்காதவங்கள்ல எத்தினி பேரு பாஸு?" என்றார். இரண்டு நாள் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தக் குணத்தால் ஊரிலும் திட்டு வாங்கியிருக்கிறார். திருவொற்றியூரில் ஒரு தெருவில் மூன்று நான்கு பேருக்கு அடுத்தடுத்துப் புற்றுநோய் வந்தது. தெருவாசிகள் கூட்டம் போட்டு இவரைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். "காத்துல வர்ற புகையாலதான்னு ஒரு வார்த்த சொல்லும்மா, நீ படிச்சவ, எடுபடும்" என்றார் ஒரு பெரியவர்.

"எனுக்கும் அப்டித்தான் தோணுது நைனா. தோணுறத சொல்ல நா எதுக்கு? இதே வயசு, இதே பழக்கம், புகை இல்லாத தெரு ஒண்ணு வோணும். அங்க எத்தினி பேருக்கு வந்துச்சின்னு தெரியணும்."

கூட்டம் கொதித்துவிட்டது. விலை போய்விட்டவள் என்றுகூட ஒருவன் கத்தினான். அவர் எழுந்து வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் நோட்டோடு நின்றார். வீடு வீடாக ஏறி வயது, வேலை, பழக்கம், நோய் என்று எழுதினார். அதற்கடுத்த ஞாயிறு, புகை இல்லாத வேறொரு தெரு. கத்தியவனின் வீட்டில் மோர் கொடுத்தார்கள்.

அவருடைய ஆராய்ச்சி ஆன்கோஜீன் பற்றியது, அதாவது புற்றைத் தூண்டிவிடும் மரபணு. எனக்கு அதை ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகும்போது விளக்கினார். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் 'இப்ப பெருகு'ன்னு சொல்ற ஜீன் கீது யக்கா. கொழந்த வளர, புண்ணு ஆற அது வோணும். அதுவே கெட்டுப்போயி, நிறுத்தாம 'பெருகு பெருகு'ன்னு கத்திகினே இருந்தா அதான் ஆன்கோஜீன். ஒரு கட்டியில கெட்டுப்போன ஜீனு எத்தினியோ கீது. அதுல எவன் வண்டிய ஓட்டுறான், எவன் சும்மா குந்திகினு வர்றான்னு கண்டுபுடிக்கணும். ஒருத்தன் வாய அடச்சிப் பாக்கணும். வண்டி நின்னா அவன்தான் டிரைவரு."

வாய்ப்புற்றில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் மேல் அவருக்குச் சந்தேகம். வெளிநாட்டிலிருந்து வாங்கும் செல்களில் பலபேர் அதைச் சோதித்துவிட்டார்கள். "நம்ப ஏரியாக்காரன் வாயில வளர்ற கட்டிய எவன் பாத்தான்?" என்பார். அதனால் ராயபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அனுமதி வாங்கினார். ஆபரேஷனில் எடுத்த கட்டியில் ஒரு துண்டை உயிரோடு எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து, செல்களைத் தட்டில் வளர்க்க வேண்டும். கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

மீன்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஐஸ் வைக்கச் சொல்லித்தர வேண்டுமா? காசிமேட்டில் உடைத்த ஐஸ் வாங்கினேன். தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, நடுநடுவே கை நிறையக் கல்லுப்பு தூவினேன். எங்கள் வீட்டில் இறாலை வெளியூருக்கு அனுப்பும்போது அப்படித்தான் செய்வார்கள். உப்பு போட்ட ஐஸில் விரல் வைத்தால் கடிக்கும், அவ்வளவு குளிர்ச்சி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி எத்தனை நேரம் மாட்டிக்கொண்டாலும் பெட்டிக்குள் ஜில்லென்று இருக்கும். என் கைப்பக்குவம் என்று மனதுக்குள் ஒரு கர்வம், யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு துண்டுகள் கொண்டுவந்தேன். ஒன்றுகூட வளரவில்லை. ஆறு மாதம் போயிற்று. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள், அவள் வளர்ப்புத் திரவம் சரியில்லை என்றாள். வாயிலிருந்து எடுத்தது, கிருமி இருக்கும் என்றேன் நான். அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டார். கடைசி இரண்டு முறை மட்டும், அதே வாயின் ஓரத்தில் டாக்டர் வெட்டி எடுத்த நல்ல சதையிலும் ஒரு கிள்ளு வாங்கிவரச் சொன்னார். அதுதான் பக்கத்துத் தட்டு. அந்த நல்ல சதையும் வளரவில்லை.

"நல்ல சதையும் சாவுதுனா கட்டி மேல தப்பு இல்ல. ரெண்டும் ஒண்ணா வந்த வழியில தப்பு. நாளிக்கு நானும் வர்றேன் யக்கா."

மறுநாள் நான் பெட்டி கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். கடைசி அடுக்குக்கு உப்பை அள்ளியபோது என் கையைப் பிடித்தார். பிறகு தெர்மாமீட்டரை ஐஸுக்குள் சொருகினார். சைபருக்குக் கீழே எட்டு டிகிரி.

"இன்னாத்துக்கு உப்பு?"

"எறாலுக்குப் போடுவோம் மேடம்…"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எறாலு செத்தது யக்கா, கெடாம இருந்தா போதும். இது உசுரோட வரணும். உள்ள இருக்கிற தண்ணி ஒறஞ்சி, ஊசி ஊசியா குத்தி, செல்லு அத்தினியும் கிழிஞ்சிகீது."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆறு மாதம், பதினோரு பேர் கொடுத்த சதை. அவருடைய நோட்டில் என்ன எழுதுவார் என்று பயந்து, அவர் வெளியே போன நேரம் எட்டிப் பார்த்தேன். 'ஐஸில் உப்பு. கொண்டுவரும் முறையை எழுதிக் கொடுக்காதது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என் பெயரைத்தான் எழுதியிருப்பேன்.

உப்பில்லாத ஐஸில் முதலில் வந்தது என் அக்காவின் கட்டி.

தேசம்மா அக்கா என்னை வளர்த்தவள். காசிமேடு ஏலத்தில் அவள் குரல் கேட்டால் ஆண்கள் வழிவிடுவார்கள். பொயிலை அடக்கி அடக்கிக் கன்னத்துக்குள் புண்ணாகி, அது கட்டியாகிவிட்டது. சம்மதக் கையெழுத்து வாங்க அவரே வார்டுக்கு வந்தார். தாளில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "வெட்டிப் போட்ற சதைக்கு இம்மாங் கேள்வியா? எடுத்துக்கோ கண்ணு" என்று கட்டைவிரலை நீட்டினாள். அவர் போன பிறகு என்னிடம், "நம்ப வூட்டுப் பொண்ணாட்டம் பேசுதுடி" என்றாள்.

மூன்றாவது வாரம் செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டன. பிறகு பெருகின. அவர் என்னை மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டு, "உங்கக்கா புடிவாதம் தெரியுது பாரு" என்றார். கூடத்தில் முதன்முதலாக எங்கள் பக்கத்து மனுஷி ஒருத்தியின் செல்கள். அக்காவுக்கு ஆபரேஷன் புண் ஆற நாளாகி, அதன் பிறகு கதிர்வீச்சு தொடங்கியது. எங்கள் ஊரில் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள். இரண்டு வாரத்திலேயே வாய் வெந்து, ஆறின கஞ்சிகூட எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதல் சோதனை. சந்தேகப்பட்ட மரபணுவின் வாயை அடைக்கும் மருந்தை ஒரு கொழுப்புத் திரவத்தில் ஏற்றி அக்காவின் செல்களுக்குள் அனுப்பினோம். அவர் வெளியூர் போயிருந்தார். மூன்றாம் நாள் நான் மருந்துத் தட்டைப் பார்த்தேன். செல்கள் பெருகாமல் அப்படியே நின்றிருந்தன. பக்கத்துத் தட்டை நான் எடுக்கவே இல்லை. இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்தும், பஸ் ஏறி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"யக்கா, நின்னுபோச்சு! உன் கட்டியிலயே பாத்துட்டோம். மருந்து வந்துடுச்சு!"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் ஊரிலிருந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். எடுத்துப் பார்த்தோம். மருந்தில்லாமல் வெறும் கொழுப்புத் திரவம் மட்டும் போன பக்கத்துத் தட்டிலும் செல்கள் அதேபோல நின்றிருந்தன. அந்தத் திரவமே அவற்றுக்கு விஷமாக இருந்திருக்கிறது. மரபணுவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, "யாராண்டனா சொன்னியா யக்கா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். அக்காவிடம் போய் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குப் போன் செய்தார். அக்கா கரண்டு வைக்க வருவதை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதாம். ஓடிப்போய்க் கேட்டேன். "அதான் மருந்து வருதே. இன்னாத்துக்குடி இந்த நெருப்பு?" என்றாள்.

அன்றைக்குத்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு, "வூட்டக் காட்டு" என்றார்.

அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "யக்கா, மருந்து வரல. இவ பாதி பாத்துட்டு வந்து சொல்லிட்டா. எங்க தப்பு."

"எப்ப வரும்?"

"தெரியாது. நீ காத்துகினு இருக்கிற அளவுக்கு சீக்கிரம் வராது."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"கரண்டு வச்சவங்களையும் வைக்காதவங்களையும் ஊரு ஊரா எண்ணிப் பாத்துகீறாங்கோ. வச்சவங்கள்ல தாஸ்தி பேரு பொழச்சிகீறாங்கோ. எரியும்தான். எனுக்குத் தெரிஞ்சி இப்ப உனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். எந்திரி."

அக்கா திரும்பாமலே கேட்டாள்: "நீ கூட வர்றியா?"

"வர்றேன்."

வந்தார். மிச்சமிருந்த ஒவ்வொரு நாளும் காலையில் வியாசர்பாடியிலிருந்து காசிமேட்டுக்கு வந்து, அக்காவையும் என்னையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே எங்களை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அக்கா முழுசாக முடித்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே இருந்தாள். பிறகு கழுத்தில் வந்தது. இரண்டு மாதத்தில் போய்விட்டாள்.

சாவு வீட்டில் அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "அந்தப் பன்னெண்டு நாளு உட்டுப்போனதாலயா மேடம்?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாது யக்கா" என்றார். "தேசம்மா ஒருத்திதான். அந்தப் பன்னெண்டு நாளும் கரண்டுக்குப் போன தேசம்மா ஒருத்திய பக்கத்துல வச்சிப் பாக்க முடியாது. இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

அன்றைக்கு அவரை வெறுத்தேன். ஆனால் ஆறுதல் சொன்ன அத்தனை பேரில் ஒருவரையும் நான் நம்பவில்லை, இவரை நம்பினேன். நம்பியதால்தான் மறுபடி வேலைக்குப் போக முடிந்தது.

இடையில் அந்த ஒரு வருஷம் பூராவும் அவர் கொழுப்புத் திரவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அளவைக் குறைத்து, நேரத்தைக் குறைத்து, மறுபடி மறுபடி. பக்கத்துத் தட்டில் செல்கள் சுகமாக வளரும்வரை மரபணுவைத் தொட மாட்டேன் என்றிருந்தார். காரியம் முடிந்து நான் திரும்பியபோது அது கைகூடியிருந்தது. பன்னிரண்டு தட்டுகள் தயாராக இருந்தன. மாணவி ஒவ்வொரு தட்டின் லேபிள் மேலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, வெறும் நம்பர் எழுதியிருந்தாள். எதில் மருந்து, எது பக்கத்துத் தட்டு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நீ எண்ணு யக்கா. நானும் தனியா எண்ணுறேன். உனுக்கும் ஆசை கீது, எனுக்கும் கீது. ஆசை கீறவ கண்ணு சரியா எண்ணாது. அதான் மூடி வச்சிகீறோம்."

கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்கும் கையிலிருந்த எண்ணும் கருவியை ஒருமுறை அழுத்த வேண்டும். அக்கா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் செல்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு தட்டில் நிறைய இருந்தால், அக்கா இன்னும் இருக்கிறாள் என்று நெஞ்சு பொங்கியது. அடுத்த நொடி, இதுதானே அவளைத் தின்றது, சாவட்டும் என்று பல்லைக் கடித்தேன். இரண்டு ஆசையையும் வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எண்ணி முடித்தேன்.

பிளாஸ்திரியைப் பிரித்தார்கள். ஆறு தட்டில் பெருக்கம் நின்றிருந்தது. அந்த ஆறும் மரபணுவின் வாயை அடைத்த தட்டுகள். பக்கத்துத் தட்டு ஆறும் நிரம்பி வழிந்தன. அவர் எண்ணியதும் நான் எண்ணியதும் ஒத்துப்போயின. மாணவி கத்தியே விட்டாள். அவர், "மறுபடியும்" என்றார். மறுபடியும் செய்தோம். மூன்றாம் தடவையும் செய்தோம். மூன்றிலும் அதேதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார். "தேசம்மா கட்டிய ஓட்டுனது இவன்தான் யக்கா" என்றார். அவரே தொடர்ந்தார்: "இது ஒருத்தி செல்லு. மருந்தாவுறதுக்கு இன்னும் எத்தினியோ தூரம் கீது. அடுத்த ஆளு செல்லுலயும் பாக்கணும். நாளிக்கு ராயபுரத்துல ஒரு ஆபரேஷன். நீ போறியா, இல்ல நா போவட்டா?"

"நான் போறேன்" என்றேன்.

அந்த ஆள் கன்டெய்னர் லாரி டிரைவர். வாயில் கட்டி பெரிதாகிப் பேச முடியாமல் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. தாளை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அந்தம்மா எதையும் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இத்த குடுத்தா இவுருக்கு நல்லாயிடுமாக்கா?"

மூன்று தடவை என் கண்ணால் பார்த்தவள் நான். ஆகும் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லம்மா. இத்தால இவுருக்கு ஒரு நன்மையும் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சி கரண்டு வைக்கச் சொல்லுவாங்கோ. எரியும், அழுவாரு, வரமாட்டேம்பாரு. யாரு வந்து இன்னா சொன்னாலும் கேக்காத. ஒரு நாளுகூட உடாம இட்டுகினு போ."

அந்தம்மா என் கையை விட்டுவிட்டாள். என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.